பேஸ்பால் பேட்டியும் பாவு ஏறிய தறியும்

எங்கள் தெருவில் யாரிடமாவது பேஸ்பால் என்று வாயைத் திறந்தால், "அது இன்னா, நம்ம கில்லி மாதிரியா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆரணியில் அந்த ஆட்டத்தை விடாமல் பின்தொடர்ந்தவர்கள் எனக்குத் தெரிந்து மூன்றே பேர். நான், என் மனைவி, அவளுடைய தம்பியான என் மச்சான். மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரே கூடத்தில் வேலை செய்தோம். அந்த ஆட்டத்தைப் பற்றி மூவரும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை.

கூடத்தில் இரண்டு குழித்தறிகள் எதிரெதிராக இருந்தன. ஒன்று என்னுடையது, மற்றதில் மச்சான் ஒன்பது வருடமாக நெய்துகொண்டிருந்தான். நடுவில் மனைவி உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் தார் சுற்றுவாள், அதாவது குறுக்கே ஓடுகிற ஊடை இழையைக் குச்சியில் சுற்றித் தருவாள். சுவரில் ஓர் ஆணி அடித்து, அதில் கயிறு கட்டி மச்சானின் ஃபோனைத் தொங்கவிட்டிருந்தோம். தலையை நிமிர்த்தினால் இரண்டு குழியிலிருந்தும் தெரியும்.

கொரோனா ஊரடங்கில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. உலகத்தில் எங்குமே கிரிக்கெட் இல்லை. பார்த்த ஆட்டத்தையே திரும்பத் திரும்பப் பார்த்து எங்களுக்கு வெறுத்துப்போயிருந்தது. ஒரு நாள் மச்சான் ஃபோனில் எதையோ தேடப்போய், ஆளில்லாத மைதானத்தில் நடந்துகொண்டிருந்த பேஸ்பாலைக் கண்டுபிடித்தான். அடித்தவன் ஏன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறான் என்று புரியவே எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. எறிகிறவன் நாலு முறை தப்பாக எறிந்தால் அடிக்கிறவன் சும்மா நடந்தே போய் முதல் முனையில் நிற்கலாம் என்பதை இன்றுவரை என் மனம் ஒப்புக்கொள்ளவில்லை. உழைக்காமல் வருகிற எதைப் பார்த்தாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஆனால் தறிக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது. கிரிக்கெட் பார்த்துக்கொண்டே நெய்து, முந்தானையில் ஓர் அன்னத்தின் கழுத்தை வெட்டி, முதலாளியிடம் பேச்சு வாங்கியவன் நான். பேஸ்பாலில் அந்தத் தொல்லை இல்லை. எறிகிறவன் தொப்பியைச் சரிசெய்வான், எச்சில் துப்புவான், வானத்தைப் பார்ப்பான். அதற்குள் நான் நாலு தடவை நாடாவைக் குறுக்கே ஓட்டி இழையை அடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கலாம். அமெரிக்காவில் சாயங்காலம் தொடங்குகிற ஆட்டம் நமக்கு விடியற்காலை. நாஷ்டாவுக்கு உட்காரும்போது ஆட்டம் முடிந்திருக்கும், புடவையும் ஒரு சாண் ஏறியிருக்கும்.

எங்கள் அணியைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அந்த மாதம் என் தறியில் அரக்குக் கரை ஓடிக்கொண்டிருந்தது. தொப்பி அதே அரக்கு நிறமாக இருந்த அணியை எங்கள் அணி என்று சொல்லிவிட்டேன். அது தோற்பதற்கென்றே பிறந்த அணி என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பாசம் வைத்துவிட்டோம். அணியின் சொந்தக்காரருக்கு முதலாளி என்றும், ஆட்டத்தை நடத்துகிற மேனேஜருக்கு மேஸ்திரி என்றும் பெயர் வைத்தோம். மேஸ்திரி எப்போது பார்த்தாலும் எதையாவது மென்றுகொண்டே இருப்பார். எறிகிறவர்களில் இடதுகைக்காரன் ஒருவன், பனைமரம் போல வளர்ந்தவன், அவன்தான் எங்கள் நெட்டையன். அணியே தோற்றாலும் அவன் எறிகிற நாளில் நாங்கள் ஜெயித்தோம். அவனுக்காகத்தான் நான் எழுந்தேன்.

என் மனைவிக்கு ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கு வேண்டியது ஆட்டம் முடிந்ததும் வருகிற பேட்டி. மைக்கின் முன்னால் மேஸ்திரி வந்து உட்கார்ந்ததும், "சத்தத்த கம்மி பண்ணு, மூஞ்ச பாக்கணும்" என்பாள். வாய் பேசுவது அவளுக்கு வேண்டாம். கண், காது மடல், தொண்டைக்குழி, மேஜைமேல் இருக்கிற கை, இவைதான் வேண்டும். கடைத்தெருவில் எங்கள் பட்டு முதலாளியிடம் நெய்த புடவையைக் கொண்டுபோய்க் காட்டுவது அவள் வேலை. "பாக்கலாம்மா" என்று அவர் சொல்கிற ஒரே வார்த்தைக்கு ஏழெட்டு அர்த்தம் உண்டு. அதில் எது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்தப் பழக்கம் அமெரிக்காவரை செல்லுபடியானதுதான் ஆச்சரியம்.

"இந்த ஆளுக்கும் மேஸ்திரிக்கும் பேச்சுவார்த்த இல்ல," என்று ஒரு நாள் ஒருவனைக் காட்டிச் சொன்னாள்.

"போடி, இப்பதான் கட்டிப்புடிச்சிகினாங்க," என்றேன்.

அடுத்த வாரம் அவனை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அதிலிருந்து மச்சான் எந்தச் செய்தி வந்தாலும் அக்கா என்ன சொல்கிறாள் என்றுதான் கேட்பான். என்னை ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்டதில்லை.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்தின் நடுவில், ஜூலை மாதக் கடைசிவரைக்கும், அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். தோற்கிற அணி தன் நல்ல ஆட்டக்காரனை ஜெயிக்கிற அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு நாலு இளசுகளை வாங்கிக்கொள்ளும். நேற்று சாயங்காலம் ஓர் ஊருக்காக எறிந்தவன் இன்று சாயங்காலம் அதே ஊருக்கு எதிராக எறிவான். இதைக் கேட்ட அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் தாரையே அறுத்துவிட்டேன்.

"பாவு ஏறின தறிய உட்டுட்டு எவனாச்சும் போவானாடா?" என்று மச்சானைக் கேட்டேன்.

எங்களுக்கு அது பெரிய விஷயம். ஒரு பாவு என்றால் மூன்று புடவைக்கான இழை. அது தறியில் ஏறிவிட்டால், மூன்றையும் நெய்து முடித்து அறுக்கும்வரை நெசவாளி அந்தத் தறிக்குக் கட்டுப்பட்டவன். முதலாளியை மாற்றுவதோ, ஊரை மாற்றுவதோ, எதுவானாலும் பாவு அறுத்த பிறகுதான். புது இடத்தில் வேலை கேட்டுப் போனால், பெயரைக் கேட்பதற்கு முன்னால், "பாவு அறுத்துட்டியா?" என்று கேட்பார்கள். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனாலும் யாரும் மீறிப் பார்த்ததில்லை.

மச்சானுக்கு என் ஆத்திரம் வரவில்லை. "ஜெயிக்கிற எடத்துக்கு போவணும்னு அவனுக்கும் ஆச இருக்காதா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

நான் அவனைத் துரோகி என்றேன். அவன் சிரித்தான்.

கடைசியாக நாங்கள் மூவரும் சேர்ந்து பார்த்த வருடத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அந்த வருடம் பங்குனியில் மச்சானுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம் என்பதால் அவன் மனைவி தன் தாய்வீடு இருந்த தேவிகாபுரத்துக்குப் போயிருந்தாள். மூன்றாம் மாதம் வந்துவிடுவாள் என்று இருந்தோம். அதற்குள் அவளுடைய அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிற அம்மாவை விட்டு அவளால் வரமுடியாது. அந்த அம்மா ஊரைவிட்டு அசைய மாட்டேன் என்கிறாள். அங்கேயும் ஒரு தறி சும்மா கிடந்தது. மச்சான் அங்கே போய்விடுவது ஒன்றுதான் வழி. இது எல்லோருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. தெரியாதவன் போல நடித்தேன்.

நடித்தது மட்டுமில்லை, அதைவிட மட்டமான ஒரு காரியமும் செய்தேன்.

வைகாசி நடுவில் அவன் பாவு முடிந்தது. வழக்கமாக ஒரு பாவு அறுத்துவிட்டு அடுத்தது ஏற்ற இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இடைவெளிதான் நெசவாளிக்கு மூச்சுவிடுகிற நேரம், ஏதாவது முடிவெடுப்பதாக இருந்தாலும் அப்போதுதான். சனிக்கிழமை கடைசிப் புடவையை அறுத்துக் கொடுத்துவிட்டு, மச்சான் குழந்தையைப் பார்க்கத் தேவிகாபுரம் பஸ் ஏறினான். அவன் தலை மறைந்ததும் நான் கடைத்தெருவுக்கு ஓடினேன். முதலாளியிடம் ஜல்தியாக ஒரு பாவு வேண்டும் என்றேன். பாவு பிணைக்கிறவரை ஞாயிற்றுக்கிழமையும் பாராமல் வீட்டுக்கு இழுத்து வந்தேன். அவர் திட்டிக்கொண்டே உட்கார்ந்து, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்தார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மச்சான் வந்தான். வாசலிலேயே, "மாமா, ஒரு விசயம் பேசணும்," என்று ஆரம்பித்தவன் கூடத்துக்குள் பார்த்தான். அவன் தறியில் வெங்காயச் சருகு நிறத்தில் புதுப் பாவு இழுத்துக் கட்டி நின்றது.

"இன்னாடா விசயம்?" என்று கேட்டேன்.

"ஒன்னியும் இல்ல மாமா," என்றான். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குழியில் இறங்கிவிட்டான்.

அன்று காலை நெட்டையன் எறிகிற ஆட்டம் இருந்தது. நான் அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசினேன். அவனும் பேசினான். நடுவில் ஒரு முறை, "கொயந்த என்ன பாத்து அழுவுது மாமா. யாரோன்னு நெனைக்கிது," என்றான். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நன்றாக நினைவிருக்கிறது. "பாரு பாரு, ரெண்டாவது ஆளும் அவுட்டு," என்றேன்.

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பக்கத்தையும் சொல்லவேண்டும். எனக்குப் பிள்ளைகள் இல்லை. தெருவில் எல்லோரோடும் ஏதாவது ஒரு காலத்தில் சண்டை போட்டிருக்கிறேன். ஒன்பது வருடமாகக் காலையில் கண் விழித்ததும் எதிர்க்குழியில் அவன் தலை தெரியும். நான் கத்தினால் சிரிப்பான். வேறு யாரும் என் கத்தலுக்குச் சிரித்ததில்லை. அவனைப் போல ஓர் ஆள் எனக்கு இன்னொரு முறை கிடைக்கமாட்டான் என்று நினைத்தேன், அதனால் பிடித்து வைத்துக்கொண்டேன்.

ஆனிக் கடைசியில் அந்தப் பாவும் முடிகிற கட்டத்துக்கு வந்தது. இந்த முறை அவன் முந்திக்கொண்டான். "மாமா, இந்தப் பாவு அறுத்ததும் நான்..."

"டேய், ஆடி பொறக்கப்போவுது. ஆடியில யார்னா எடம் மாறுவாங்களா? ஆவணியில பாத்துக்கலாம்," என்றேன். பாவம், நாள் கிழமைக்கு அடங்கியவன். தலையாட்டினான். பழைய பாவு அறுத்த மறுநாளே புதுப் பாவு ஏற்றிவிட்டேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் சுற்றிய தாரில் அன்று இரண்டு முறை இழை அறுந்தது. அதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆடி பிறந்ததும் அமெரிக்காவில் வதந்திகளும் கிளம்பின. நெட்டையனை விற்கப்போகிறார்கள் என்று மச்சான் தினமும் ஃபோனைப் பார்த்து வாசிப்பான். "மூணு டீம் கேக்குதாம் மாமா." அடுத்த நாள், "நாலு டீமாம்." அதில் ஒன்று நெட்டையனின் சொந்த ஊர் அணி. "அங்கதான் அவன் வூடு கீதாம். பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் அங்கியே கீறாங்களாம். இவன் மட்டும் இங்க ரூம் எடுத்துகினு தங்கிகிறானாம்," என்றான். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

நிருபர்கள் மேஸ்திரியைத் துளைத்தெடுத்தார்கள். அவர் மென்றுகொண்டே, அவன் எங்கள் குடும்பத்தில் ஒருவன் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

"குடும்பத்துல ஒருத்தன்னு நம்ம மொதலாளி எப்ப சொல்லுவாரு?" என்று மனைவி கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். நாம் கேட்டதைக் கொடுக்க முடியாது என்று சொல்வதற்கு முன்னால்தான் சொல்வார். ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "அமெரிக்காகாரன் அப்டி இல்ல," என்றேன்.

நெட்டையனையும் கேட்டார்கள். இன்றைய ஆட்டத்தைத் தவிர நான் எதையும் யோசிப்பதில்லை என்றான். மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் அதையும் சொன்னான். "பதில் சொல்றதுக்கு மின்னாடி தண்ணி குடிச்சானா, மனசு இங்க இல்ல," என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

அந்த வாரம் பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் ஒருவர் என்னை நிறுத்தி, "இன்னாபா, உன் மச்சான் தேவிகாபுரத்துல தறிய ரிப்பேர் பண்ணிகினு கீறானாமே?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து நேரடியாகக் கேட்டேன்.

மச்சான் நாடாவை நிறுத்தினான். பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து அண்ணாந்து தண்ணீர் குடித்தான். "அதெல்லாம் சும்மா பேச்சு மாமா. இப்ப இந்த பொடவைய பாப்போம்," என்றான்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. உள்ளே போய் மனைவியிடம், "ஒன்னியும் இல்லியாம், நானே கேட்டுட்டேன்," என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊர்ல கீற பேட்டி எல்லாம் பாக்கறீங்க," என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

கடைசி நாள் வந்தது. அங்கே சாயங்காலம் கெடு முடிந்தபோது நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். ஐந்தரை மணிக்கு எழுந்து, பல்கூடத் துலக்காமல் மச்சானின் ஃபோனைத் திறக்கச் சொன்னேன். அவன் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "போவல மாமா. நெட்டையன் இங்கியே இருக்கான். கடைசி நிமிசத்துல மொதலாளி ஒத்துக்கலியாம்."

நான் குதித்தேன் என்றே சொல்லலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய், முதல் ஈடு மெதுவடையைச் சுடச்சுட வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். எதற்கு என்று கேட்ட டீக்கடைக்காரரிடம், "நம்மாளு போவலபா," என்றேன். யாரென்று அவர் கேட்கவில்லை.

நான் வந்தபோது நெட்டையனின் பேட்டி ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு கூடத்தில், எங்கள் அரக்குத் தொப்பியோடு உட்கார்ந்து, இங்கேயே இருப்பதில் சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மனைவி எழுந்து போய்ச் சத்தத்தை முழுவதுமாக அணைத்தாள். மூவரும் ஆளுக்கொரு வடையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தோம்.

"இவன் சந்தோசமா இல்ல," என்றாள்.

"காலங்காத்தால பேஜார் பண்ணாத. சிரிக்கிறான் பாரு."

"வாய்தான் சிரிக்கிது."

"ஆமாக்கா," என்றான் மச்சான்.

சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டு, கடிக்காத வடையை இலையிலேயே திரும்ப வைத்தான். போய்க் குழியில் இறங்கி உட்கார்ந்தான். நாடாச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அவன் பாவைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள். "அந்த மொதலாளியாவது ஒரு தடவதான் புடிச்சி வெச்சான். நீங்க ரெண்டு தடவ பாவு ஏத்திகீறீங்க. என் தம்பி வாயத் தொறக்கமாட்டான். அது தெரிஞ்சிதான ஏத்துனீங்க?"

"ஆடி மாசம்னுதான்..." என்று சப்பைக்கட்டு கட்டப் பார்த்தேன்.

"ஆடியில புதுசா கண்ணாலம் கட்டிகினவனதாங்க பிரிச்சி வெப்பாங்க. இவனுக்கு புள்ளயே பொறந்துடுச்சி."

மச்சான் தலை குனிந்தபடியே சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடமாக ஊரார் முகத்தைப் படித்துச் சொன்னவள், கூடவே என் முகத்தையும் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான்தான் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எதிர்க்குழியில் இருந்தவனின் முகம் தெரிந்திருக்கும்.

அவன் தறிக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தேன். "கெளம்புடா," என்றேன்.

"பாவு அறுத்துட்டு போறேன் மாமா. இன்னும் ஒன்ற பொடவதான்."

"இன்னிக்கே கெளம்பு."

அவன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். கோபத்தில் விரட்டுகிறேன் என்று நினைத்திருப்பான். "பொடவ நடுவுல எப்டி மாமா உடறது? கை மாறினா தெரியுமே."

அவன் சொன்னது உண்மை. ஊடை இழையை அடித்து இறுக்குவதில் ஒவ்வொரு கைக்கும் ஒரு வேகம் உண்டு. அவன் அடி அழுத்தமாக விழும், என் அடி லேசு. ஒரு புடவையின் நடுவில் ஆள் மாறினால் அந்த இடத்தில் குறுக்கே ஒரு வரி விழுந்துவிடும். உடுத்துகிறவர்களுக்குத் தெரியாமல் போகலாம். தொழில் தெரிந்தவன் விரலுக்குத் தப்பாது. அதனால் காய்ச்சலில் விழுந்தாலும் தன் புடவையைத் தானே முடிப்பதுதான் எங்களில் வழக்கம். நானும் அதைத்தான் ஊருக்கெல்லாம் பேசித் திரிந்தேன்.

"தெரியட்டும்," என்றேன்.

பத்து மணி பஸ்ஸுக்கு மூவரும் நடந்தோம். மனைவி அவனுக்குப் பையில் எதையெதையோ திணித்துக்கொண்டே வந்தாள், குழந்தைக்கு இரண்டு சட்டை, அந்த அம்மாவுக்கு இடுப்பில் தடவத் தைலம். பஸ்ஸில் ஆள் ஏறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. நல்ல வேளையாக அன்றைக்கும் தெரியவில்லை.

"நீ போய்ட்டா எனக்கு பேச ஆள் கெடையாதுடா. அதுக்குதான் புடிச்சி வெச்சிகினேன். வேற ஒன்னியும் இல்ல," என்றேன்.

"தெரியும் மாமா."

"தெரிஞ்சிகினே ஏன்டா சும்மா இருந்த?"

"அங்க மட்டும் பேஸ்பால் பேச எனக்கு யாரு கீறாங்க?" என்றான். ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் உட்கார்ந்து, ஃபோனை எடுத்துக் காட்டி, காலையில் பேசலாம் என்பது போலக் கையை ஆட்டினான். பஸ் கிளம்பியது. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாயா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை, என்னையே திருப்பிக் கேட்டுவிடுவாள்.

வீட்டுக்கு வந்து அவன் குழியில் இறங்கினேன். அவன் என்னைவிட உயரம். மிதியை அவன் காலுக்குத் தகுந்தபடி கட்டியிருந்தான், என் கால் எட்டி எட்டித்தான் மிதித்தது. அதை மாற்றிக் கட்டலாம் என்று மனைவி சொன்னாள். வேண்டாம் என்றேன். அவன் அடியைப் போல அடிக்கலாம் என்று முயன்றேன். ஒன்பது வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், காது சொன்னதைக் கை செய்யவில்லை. ஐந்தாறு விரற்கடை நெய்த பிறகு தடவிப் பார்த்தேன். வரி இருந்தது.

அவன் காலையில் கூப்பிடத்தான் செய்தான். நெட்டையன் எறிகிற நாளில் ஃபோனை அங்கே எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டு நெய்வான். ஆட்டத்துக்கு நடுவே குழந்தை கத்தும். "யாரு பாரு, மாமாடா," என்று அதனிடம் சொல்வான். நான் கத்தினால் அங்கிருந்து சிரிப்பான். ஒரு வாரம் கழித்து, மடியில் போட்டால் இப்போது அழுவதில்லை என்றான். அன்று யார் ஜெயித்தார்கள் என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

புடவை முடிந்தது. அறுத்து மடித்து, மனைவியிடம் கொடுக்காமல் நானே கடைத்தெருவுக்கு எடுத்துப்போனேன். முதலாளி மேஜைமேல் விரித்துப் போட்டு, கரையைப் பார்த்தார், முந்தானையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உள்ளங்கையால் புடவையின் உடலைத் தடவிக்கொண்டே வந்தார். நடுவில் கை நின்றது. அந்த இடத்தில் விரலை வைத்தபடி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"கை மாறிகீது," என்றார். "இந்த எடத்துல இன்னா ஆச்சி?"

"இந்த எடத்துலதான் என் மச்சான் அவன் பொண்ணுகிட்ட போனான்," என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "பொடவ நடுவுலயா? பாவு பாவுன்னு ஓடி வந்து நீதானயா வாங்கிகினு போன? இது முடியறவரைக்கும் அவன் இருந்திருக்கக் கூடாதா?"

"அவன் நாலரை பொடவைக்கு மின்னாடியே போயிருக்கணும் மொதலாளி," என்றேன். "நான்தான் உடல."